விட்டுப்போன மணிகள்

பிறின்சி என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அவளுடைய தாய் மாக்கிறட்டிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கொம்பியூட்டரை நித்திரையாக்கிறாள்."

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். "அதுக்கே யாழ்ப்பாணம் போய்ப் படிச்சவள்? உன்ர மனுசன் ஒண்டும் படிக்காமலே நல்லா நித்திரை கொள்ளுறாரே, மாக்கிறட்!"

மாக்கிறட் சொன்னதில் பிழை இல்லை. உலகத்தில் அங்கொருவரும் இங்கொருவருமாக இருக்கும் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சின்ன இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் அடிமடியில் கேர்னல் என்றொரு பகுதி. மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் கையைக் காலை அசைக்கும். அந்தக் கேர்னலுக்கு உறங்கவும் விழிக்கவும் பழக்கும் வேலை மன்னார்க் கரையில் இருந்த பிறின்சியின் தலையில் விழுந்தது. இரண்டு வகை உறக்கம். சஸ்பெண்ட் என்பது மத்தியானச் சாய்வு. கண் மூடியிருக்கும், காது விழித்திருக்கும், ஒரு சொட்டு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹைபர்னேஷன் அப்படியல்ல. நினைவில் இருப்பதை ஒன்று விடாமல் எழுதி வைத்துவிட்டு இயந்திரம் முற்றாக அணைந்துபோகும். எழும்பும்போது எழுதியதை வாசித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

விட்ட இடத்திலிருந்து என்பதில்தான் வில்லங்கம் முழுவதும் இருந்தது. உறங்கிய இயந்திரத்துக்குத் தான் உறங்கியது தெரியாது. இப்போதுதான் கண்ணைச் சிமிட்டினேன் என்று நினைக்கும். இடையில் மழை பெய்ததை, வீட்டில் ஆள் மாறியதை எல்லாம் யாராவது அதற்குச் சொல்லவேண்டும். யாரைத் தூங்க வைப்பதும் லேசு, எழுப்பித் திகதி சொல்லுவதுதான் பாடு என்று பிறின்சி அலுத்துக்கொள்வாள்.

எழுதியதை எங்காவது ஓட விட்டுப் பார்க்கவேண்டுமே! அதற்கு அவர்கள் ஊர்க் கோயில் மணி அகப்பட்டது. மணிக்கு மோட்டார் பூட்டிய சுத்தியல் ஒன்று வைத்திருந்தார்கள். அதை நேரத்துக்கு இயக்கவென்று வாங்கிய கருவி ஒரு மாரியிலேயே மண்டையைப் போட்டது. பிறின்சி போய்ப் பங்குக் குருவான சுவாமியிடம் பேசி, தன் கேர்னல் ஓடுகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கோபுரத்தில் ஏற்றினாள். மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாது என்பதால் அதற்கு ஒரு சோலர் தட்டும் பற்றரியும். காலை, மத்தியானம், மாலை என்று திரிகால செபத்துக்குப் பெட்டி எழும்பும், மும்மூன்றாக மணி அடிக்கும், திரும்பப் படுத்துவிடும். பற்றரி மிகவும் இறங்கினால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு முழுதாக அணைந்து, வெயிலுக்குக் காத்திருக்கும்.

சோலர் தட்டில் காகம் எச்சமிட்டால் துடைக்க ஒரு ஆள் வேண்டுமென்று சுவாமி சொன்னார். ஊர்ப் பெடியன் றோய் தானாக முன்வந்தான். கிழமைக்கு நாலு தரம் கோபுரம் ஏறினான். ஏறி இறங்கியதும் துடைத்த விபரத்தைப் பிறின்சியிடம் நேரில் வந்து சொல்லவேண்டும் என்பது அவனாகப் போட்ட ஒழுங்கு. அந்தக் கோபுரத்துக் காகங்களுக்கு வயிற்றோட்டம் என்றுதான் நினைக்கவேண்டும்.

இருவரும் விரும்புகிறார்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். யாருக்கும் மறுப்பும் இல்லை. இடையில் நின்றது ஒன்றே ஒன்று. பிறின்சியின் தகப்பன் அருளப்புவும் றோயின் தகப்பன் எட்வேட்டும் பேசுவதில்லை.

முன்னொரு காலம் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள்தான். அந்தோனியார் திருநாளில் சிலையை ஊர்வலமாகச் சுமக்கும் சுரூபக் கூட்டின் முன் தண்டுகளை இருவரும் தூக்கினார்கள். அருளப்பு பனைபோல் நெட்டை, எட்வேட் குட்டை. கூடு எட்வேட்டின் பக்கம் சரிந்தது. அந்தோனியார் கையில் குழந்தையோடு எட்வேட்டின் தலையைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தார். சந்தியில் அருளப்புவுக்குப் பொறுக்கவில்லை. "டேய் குள்ளா, நீ பின்னாலை போ! சுரூபம் விழப்போகுது!" என்று பங்குச் சனம் முழுவதும் கேட்கக் கத்திவிட்டார். எட்வேட் தண்டை அப்படியே பக்கத்தில் நின்றவனின் தோளுக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனவர்தான். அன்றோடு கதை அறுந்தது.

"அவன் வந்து கேக்கட்டும். பொம்பிளை வீட்டுக்காரன் நான்," என்பார் அருளப்பு.

"அவன் கூப்பிடட்டும். ஏச்சு வாங்கினவன் நான்," என்பார் எட்வேட்.

நீயா நானா என்று இருவரும் நிற்க, பிறின்சிக்கு முப்பது வயதாகிவிட்டது. கோயில் கலியாணம் இல்லாமல் பதிவு எழுத்து மட்டும் எழுதுவோம் என்று றோய் கேட்டுப் பார்த்தான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தகப்பன் இல்லாமல் கோயிலுக்குள் கால் வைக்க அவளுக்கு மனமில்லை. போதாக்குறைக்குப் புரட்டாசியில் அருளப்புவுக்கு நெஞ்சுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த பிறின்சி மனதுக்குள் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்: அப்பா இந்தக் கோபத்தோடு போய்விடக்கூடாது. மனுசன் பிழைத்து வீடு வந்தார். கோபமும் அவரோடு பத்திரமாக வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் அவளுக்குக் கேர்னலிலும் ஒரு சண்டை. உறக்கப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் பர்ஸானா. மன்னாரில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, இப்போது கொழும்பில் இருப்பவள். யார் எழுதியதையும் அவள் பார்த்துத் தலையாட்டினால்தான் உள்ளே சேரும். பிறின்சி எழுதியதில் ஓரிடத்தில் அவள் கையை வைத்தாள். இயந்திரம் உறங்கும் நேரத்தில் செய்யவேண்டி வந்து தவறிப்போன வேலைகளை என்ன செய்வது? விழித்தவுடன் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து முடிக்கவேண்டும் என்று பிறின்சி எழுதியிருந்தாள். ஏன் என்று பர்ஸானா கேட்டாள்.

பிறின்சிக்கு அது கேள்வியாகவே படவில்லை. அவள் வளர்ந்த வீடு அப்படி. ஒருநாள் இரவு செபமாலை சொல்லாமல் நித்திரையானால் அடுத்த நாள் மாக்கிறட் இரட்டிப்பாகச் சொல்ல வைப்பாள். காய்ச்சலில் கிடந்தால் சுகம் வந்தபின் எல்லாவற்றையும் சேர்த்து. விட்டதைச் சேர்த்துச் செய்வதுதான் மரியாதை.

"எங்கட வீட்டுலயும் தவறின தொழுகையைப் பிறகு கழாவாத் தொழுவம்," என்றாள் பர்ஸானா தொலைபேசியில், சிரித்துக்கொண்டு. "ஆனா பள்ளியில தவறின பாங்கைத் திருப்பிச் சொல்லமாட்டாங்க, பிறின்சி. செபம் உங்கட. மணி ஊருக்கு."

"அது உங்கட பள்ளி அக்கா. இது எங்கட கோயில்."

"சரி. உங்கட கோயில்லயே ஒரு மாரி ஓடட்டும். பார்ப்பம்."

மாரியும் வந்தது. கார்த்திகை பிறந்ததும் வானம் பொத்துக்கொண்டது. கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்றார்கள், விடத்தல்தீவுப் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் என்றார்கள். கரண்ட் போனது, வந்தது, போனது. சூரியனை ஒருவரும் காணவில்லை. கோபுரத்துப் பெட்டி பற்றரி கரையும் மட்டும் மணி அடித்துப் பார்த்துவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் எழுதி வைத்து அணைந்துபோனது. திரிகால மணி நின்றுவிட்டது. மழை இரைச்சலில் அதை யாரும் தேடவும் இல்லை. பிறின்சி மட்டும் பெட்டி எத்தனை அழகாகப் படுத்திருக்கிறது என்று உள்ளூரப் பெருமைப்பட்டாள்.

அந்தக் கிழமைக் கடைசியில் ஒருநாள் காலை பளிச்சென்று வெயில் எறித்தது. ஊரே பாயையும் படங்கையும் வேலியில் விரித்தது. அருளப்பு முற்றத்தில் கதிரையைப் போட்டு, வெயில் காய்ந்தபடி குரக்கன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். கோயில் மணி அடித்தது.

மூன்று. ஒரு இடைவெளி. மூன்று. ஒரு இடைவெளி. மூன்று.

அந்த ஊர் வழக்கத்தில் செபத்துக்கு நேரம் உண்டு. சாவுக்கு நேரம் இல்லை. கண்ட நேரத்தில் மும்மூன்றாக மணி கேட்டால் ஆண் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். பெண் என்றால் இரண்டிரண்டு.

மாக்கிறட் குசினியில் இருந்து சிலுவை போட்டபடி வந்தாள். "ஆரோ ஆம்பிளை. ஆர் எண்டு தெரியேல்லையே!"

அருளப்பு கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்தார். கண்ணை மூடினார். "நித்திய இளைப்பாற்றியை அந்த ஆத்துமத்துக்குக் கட்டளையிடும் ஆண்டவரே," என்று உருக்கமாகச் சொன்னார். யாருடைய ஆத்துமத்துக்குச் சொல்கிறோம் என்று மனுசனுக்குத் தெரியாது.

மணி நிற்கவில்லை. மூன்று, மூன்று, மூன்று. பிறகும் மூன்று. உள்ளே மேசையில் இருந்த பிறின்சி தலையை நிமிர்த்தினாள். இத்தனை நீளத்துக்கு யாருக்கும் துக்க மணி அடித்ததில்லை. பெட்டி எழும்பிவிட்டது! மழை நாளெல்லாம் தவறிய காலை மணி, மத்தியான மணி, மாலை மணி எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொடுத்த வரிசைப்படி, ஒன்று தப்பாமல், பக்தியோடு சேர்த்து அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் போனை எடுத்தாள்.

"றோய், ஓடிப்போய்க் கோபுரத்தில ஏறு! மோட்டார் வயரைக் கழட்டு! கேள்வி கேளாதை!"

அவள் செருப்பைத் தேடி முற்றத்துக்கு வருவதற்குள் படலையைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெற்றிசியா வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் கண்ணைத் துடைக்க லேஞ்சி. சாவு விசாரிக்கப் போவதென்றால் ஊரில் முதல் ஆள் அவள்தான். யார் செத்தது என்று அவளும் யாரிடமும் கேட்கவில்லை, அவளிடமும் யாரும் கேட்கவில்லை. நெஞ்சுக்குத்து வந்தவர் ஊரில் ஒருவர்தானே; போன ஞாயிறு பூசையில்கூட அவருக்காக மன்றாடினார்கள்.

"ஐயோ மாக்கிறட்டு! உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாரே!" பெற்றிசியா மாக்கிறட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஆர் போனது?" என்றார் அருளப்பு கதிரையில் இருந்து.

பெற்றிசியாவுக்குப் பின்னால் வந்தவர்கள் படலைக்கும் பெற்றிசியாவின் முதுகுக்கும் இடையில் அகப்பட்டு ஒன்றையும் காணவில்லை. வாலிபர் சங்கத்தினர் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சவப்பெட்டி எடுக்க மன்னாருக்கு ஆள் போகவேண்டும் என்று ஒருவர் சொல்ல, "நெட்டை மனுசன், சாதாரணப் பெட்டி காணாது, அளவைச் சொல்லி எடுங்கோ," என்று இன்னொருவர் அக்கறையாகச் சொன்னார். அருளப்பு அதைக் கேட்டுவிட்டுத் தன் காலை ஒருமுறை நீட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் எட்வேட் வந்தார்.

காலில் செருப்பில்லை. சேட்டின் பொத்தான்கள் ஏறுக்கு மாறாகப் பூட்டியிருந்தன. சனத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்தவர் முற்றத்து விளிம்பிலேயே முழங்காலில் விழுந்து, மண்ணைப் பார்த்தபடி குழறத் தொடங்கினார்.

"டேய் அருளப்பு! நான் குள்ளன்தான்ரா! ஓம், குள்ளன்தான்! கூடு என்னாலைதான் சரிஞ்சது, எனக்கு அப்பவே தெரியும்! ஒரு சொல்லுக்காக உன்ர முகத்தைப் பார்க்காமல் இருந்திட்டனே! என்னோட ஒருக்கால் கதைச்சிட்டுப் போயிருக்கலாமேடா!"

கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் அதற்குள் அருளப்புவைக் கண்டுவிட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கோபுரத்தில் மணி நடுவில் அறுந்து நின்றது.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தால், நான் ஏன்ரா சாகப்போறன்?" என்றார் அருளப்பு.

எட்வேட் நிமிர்ந்தார். கதிரையில் அருளப்பு, மடியில் கஞ்சி. எட்வேட்டின் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பிறின்சி தன் கண்ணால் கண்டாள். அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. வெட்கம் வந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் இருந்துகொண்டது; வெட்கத்துக்குப் பின்னால் கோபம்.

"நீ சாகேல்லையோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப என்ன மணி?"

எல்லோரும் பிறின்சியைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தாள். பிளக்கவில்லை. "என்ர பெட்டிதான் மாமா. மழைக்கு நித்திரையா இருந்தது. எழும்பினவுடனே விட்ட மணியெல்லாத்தையும் சேர்த்து அடிச்சிட்டுது."

"விட்ட செபத்தைச் சேர்த்துச் சொல்லத்தானே வேணும்," என்றாள் மாக்கிறட், பெட்டியை நன்றாக வளர்த்தவள் தானே என்பதுபோல.

சனம் கலைந்தது. சிலருக்குச் சந்தோசம், கதிரை சுமந்தவர்களுக்கு எரிச்சல். பெற்றிசியா கண்ணைத் துடைத்து, "எனக்கென்னவோ அப்பவே சந்தேகம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கதிரையை மட்டும் எடுக்க முடியவில்லை. ஓடி வந்த களைப்பில் எட்வேட் அதில் குந்திவிட்டார். மாக்கிறட் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் ஆளை ஆள் பாராமல் முற்றத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறின்சி வாசலில் நின்றாள். பேசிவிட்டார்கள், பேசியேவிட்டார்கள் என்று மனம் துள்ளியது.

"புது வள்ளம் மந்திரிச்சு இறக்கேக்கை எனக்குச் சொன்னனீயே?" என்று தொடங்கினார் எட்வேட்.

"நீ உன்ர மூத்தவளின்ர கலியாணத்துக்குச் சொன்னனீயே?"

"அதுக்கு முதல் உன்ர பெட்டையின்ர புதுநன்மைக்கு நான் வாசல்வரை வந்தனான். உள்ளுக்கு வா எண்டு ஒரு வாய்ச்சொல்லு?"

"என்ர அம்மாவின்ர ஆண்டுத் திவசத்துக்கு..."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிற்கவில்லை. கூப்பிடாத திருநாள், பங்கு வைக்காத மீன், சந்தையில் முகம் திருப்பிய நாள் என்று பேச்சு உறங்கிய காலமெல்லாம் தவறிப்போனவை வரிசையாக வந்தன. எட்வேட் எழுந்து நின்றுவிட்டார். அருளப்புவின் குரல் ஏறியது, முகம் சிவந்தது, கை நெஞ்சுப் பக்கம் போனது.

அவள் எழுதியதுதான் இது. தவறியதையெல்லாம் விழித்தவுடன் ஒன்று விடாமல் செய்து முடி என்று பர்ஸானாவோடு நின்று சண்டை பிடித்து அவள் எழுதியதுதான் இரண்டு மனிதராக நின்று கத்துகிறது. இப்போது நிறுத்தாவிட்டால் இனி எப்போதுமில்லை என்று பயந்தாள். வருங்கால மாமன் முன்னால் வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும்!"

இருவரும் திடுக்கிட்டு நின்றார்கள்.

"விட்டதெல்லாத்தையும் சேர்த்து அடிக்கவேணும் எண்டு நான்தான் எழுதினனான். பிழை. நான் செய்தது பிழை. இண்டைக்கே மாத்தி எழுதப்போறன். விட்டது விட்டதாப் போகட்டும். எழும்பினால் இப்ப என்ன நேரமோ அந்த மணியை மட்டும் அடிச்சால் காணும். நீங்களும் அப்பிடித்தான். இப்ப என்ன கதைக்கவேணுமோ அதை மட்டும் கதையுங்கோ!"

"இப்ப என்ன இருக்கு கதைக்க?" என்றார் எட்வேட்.

இப்போது கதைக்க இருப்பது அவளும் றோயும்தான். அதை அவளே எப்படிச் சொல்வாள்? அந்த நேரம் பார்த்து றோய் படலையடியில் வந்து நின்றான், கையில் வயர், சேட்டெல்லாம் காக எச்சம். எட்வேட் மகனைப் பார்த்தார். பிறகு பிறின்சியைப் பார்த்தார். அருளப்பு வேலியைப் பார்த்தார்.

எட்வேட் தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் படலையை நோக்கி நடந்தார். பிறின்சி பார்த்துக்கொண்டு நின்றாள். செத்த வீட்டுக்கு வந்தவர் போகும்போது விடைபெறுவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்று அந்த வாசலில் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விடவேண்டும். எட்வேட் வந்தது செத்த வீட்டுக்குத்தான். அப்படியே பேசாமல் போனால் அதில் யாரும் குறை பிடிக்க முடியாது. நாளைக்குச் சந்தையில் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். செத்த வீடென்று நினைத்துத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அருளப்புவுக்கும் அது தெரியும். கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் குட்டை முதுகையே பார்த்தார்.

எட்வேட் படலையைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். நின்றார்.

"அருளப்பு," என்றார், திரும்பாமல். "போட்டு வாறன்."

அருளப்புவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல முடிந்தது.

"வா. வரேக்கை மனுசியையும் கூட்டிக்கொண்டு வா."